வடிகட்டும் செல் புரதத்தை விழுங்குமா?

கேள்வி இது: “அண்ணனுக்கு 46 வயது, சர்க்கரை நோய் உண்டு. சிறுநீரில் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம் 900 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ரத்த அழுத்தம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் டாக்டர் டெல்மிசார்டான் எழுதிக் கொடுத்திருக்கிறார். ‘ஃபில்டரில் ஓட்டை விழுந்துவிட்டது’ என்கிறார்கள். டீ வடிகட்டி கிழிந்த மாதிரி புரதம் சும்மா ஒழுகிப் போகிறதா, இல்லை வடிகட்டும் செல்களுக்குள்ளேயே நுழைகிறதா? நுழைந்தால் செல் கெடுமா? போகிற புரதத்தை முட்டை சாப்பிட்டு ஈடுகட்டலாமா?”

சுருக்கமான பதில்: நுழைகிறது. நோய் இல்லாதவர்களிடமும் கொஞ்சம் நுழைகிறது, அதை வாங்கிச் செரிப்பது அந்தச் செல்லின் வேலைகளில் ஒன்று. நோயில் வரத்து கூடி, செல்லால் செரிக்க முடிகிற அளவைத் தாண்டும்போது, கசிவினால் வந்து சேர்ந்த புரதமே மேலும் கசிவதற்கு வழி செய்துவிடுகிறது. இந்தக் கடைசிப் பகுதி மனிதர்களிடம் எவ்வளவு தூரம் உண்மை என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் சண்டை உண்டு. என் கணிப்பைப் போகிற போக்கில் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. ஒரு சிறுநீரகத்தில் சராசரியாகப் பத்து லட்சம் நெஃப்ரான்கள், அதாவது சிறுநீரை உண்டாக்கும் நுண் அலகுகள். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் கிளாமருலஸ் என்ற ரத்த நுண்குழாய் முடிச்சு இருக்கிறது. இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிக்கின்றன. உடம்பில் பிளாஸ்மா இருப்பதே 3 லிட்டர்தான், ஆக அதே 3 லிட்டர் ஒரு நாளில் அறுபது தடவை வடிபடுகிறது. ஒரு லிட்டர் பிளாஸ்மாவில் ஆல்புமின் என்ற புரதம் மட்டும் சுமார் 40 கிராம். 180 லிட்டருக்குக் கணக்குப் போட்டால் 7 கிலோவுக்கு மேல் வருகிறது. அதில் சிறுநீரில் தப்பிப் போவது 30 மில்லிகிராமுக்கும் குறைவு. உங்கள் அண்ணனின் 900 என்ற எண்ணை ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 900 மில்லிகிராம் ஆல்புமின் என்று எடுத்துக்கொள்ளலாம். மருத்துவர்கள் 300ஐத் தாண்டினாலே ‘மிக அதிகம்’ என்ற வகையில் சேர்த்துவிடுவார்கள்.

இந்தத் தடுப்பு மூன்று அடுக்குகளால் ஆனது. ரத்தத்தின் பக்கம் எண்டோதீலியம் செல்கள் இருக்கின்றன. அவற்றில் நிஜமாகவே துளைகள் உண்டு, 60 முதல் 100 நானோமீட்டர் அகலம். ஆல்புமின் மூலக்கூறின் குறுக்களவு 7 நானோமீட்டர்தான். அந்தத் துளைகளில் பரவியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிப் பூச்சு இல்லையென்றால் அது தாராளமாக நுழைந்துவிடும். நடுவில் அடித்தளச் சவ்வு: கொலாஜனும் லாமினினும் பின்னிய, 300 நானோமீட்டருக்குச் சற்றே கூடுதலான தடிமன் கொண்ட ஜெல். வெளிப்பக்கம் போடோசைட்டுகள். கேள்வியில் வரும் ‘வடிகட்டும் செல்’ இவைதான். இவற்றின் உடல் வடிநீருக்குள் மிதந்தபடி இருக்க, கிளைகளும் கிளைகளிலிருந்து புறப்படும் பாத நீட்சிகளும் நுண்குழாயைச் சுற்றிப் பிடித்திருக்கின்றன. பக்கத்துச் செல்லின் பாதங்களோடு இவை மாறி மாறிக் கோத்துக்கொள்ளும்போது நடுவில் 40 நானோமீட்டர் அளவுக்கு ஓர் இடைவெளி விழும். அதை மூடியிருப்பது பிளவுச் சவ்வு.

பிளவுச் சவ்வு எதனால் ஆனது என்பது 1998 வரை புதிர். ஃபின்லாந்தில் பிறக்கும்போதே கிராம் கணக்கில் புரதம் இழக்கும் குழந்தைகளின் குடும்பங்களை ஆராய்ந்த கார்ல் டிரிக்வசோன் குழு, அந்த ஆண்டு நெஃப்ரின் என்ற புரதத்தின் மரபணுவைக் கண்டுபிடித்தது. நெஃப்ரின் இல்லாவிட்டால் பிளவுச் சவ்வு இல்லை, தடுப்பும் இல்லை. 2000இல் பிரான்சில் கொரின் அன்டிஞாக் குழு, பிளவுச் சவ்வைச் சேர்ந்த இன்னொரு புரதமான போடோசினின் மரபணுவைக் கண்டது. அதன்பிறகு பத்துப் பதினைந்து வருடம் எல்லார் கண்ணும் பிளவுச் சவ்வின் மேலேயே இருந்தது. செல் புரதத்தை விழுங்குமா என்ற பழைய கேள்வி கிட்டத்தட்ட ஓரங்கட்டப்பட்டது என்றே சொல்வேன்.

அது உண்மையிலேயே பழைய கேள்வி. 1960, 61இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் மேரிலின் ஃபார்குவாரும் ஜார்ஜ் பலாடேயும் எலிகளின் ரத்தத்தில் ஃபெரிட்டினைச் செலுத்தினார்கள். இரும்பு நிறைந்த புரதம் என்பதால் அது எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கரும்புள்ளியாகத் தெரியும். நெஃப்ராட்டிக் நோய் (சிறுநீரில் பெருமளவு புரதம் போகும் நிலை) உண்டாக்கப்பட்ட எலிகளில் அந்தப் புள்ளிகள் அடித்தளச் சவ்வைத் தாண்டி, போடோசைட்டுகளுக்குள் இருந்த சிறு பைகளில் குவிந்து கிடந்தன. சவ்வுதான் முக்கிய வடிகட்டி, அதைத் தாண்டித் தப்பி வருவதைப் பிடித்து அப்புறப்படுத்துவது போடோசைட்டின் வேலை என்று அவர்கள் விளக்கம் கொடுத்தார்கள். இன்றும் சிறுநீரக பயாப்சி பார்க்கும் நோயியல் நிபுணர்கள், அதிகப் புரதம் இழப்பவர்களின் போடோசைட்டுகளில் புரதத் துளிகளைப் பார்க்கிறார்கள். அதில் யாருக்கும் புதுமை இல்லை.

டீ வடிகட்டி உவமை உடையும் இடமும் இதுதான். வடிகட்டியில் தூள் தங்கும், அதைத் தட்டிக் கொட்டிவிட்டு மறுபடி பயன்படுத்துவோம். இங்கே கிலோ கணக்கில் புரதம் தினமும் மோதியும், எண்பது வருடம் யாரும் தட்டிவிடாமல் எப்படி அடைக்காமல் இருக்கிறது? எலியில் மரபணுக்களை மாற்றும் முறைக்காகப் பின்னாளில் நோபல் பெற்ற ஆலிவர் ஸ்மித்திஸ், 2003இல் ஒரு கட்டுரையின் தலைப்பிலேயே இதைக் கேட்டார். அவருடைய விடை: பெரிய மூலக்கூறுகளைத் தடுப்பது அடித்தளச் சவ்வின் ஜெல்தான், பிளவில் வந்து சிக்கிக்கொள்ளும் அளவுக்கு அவை அங்கே வந்து சேர்வதே இல்லை. அது விடையின் ஒரு பாதி. மறுபாதி 2008இல் வந்தது. ஆன்டிபாடிகளைப் பிடித்துக்கொள்ளும் எஃப்சிஆர்என் என்ற ஏற்பி போடோசைட்டுகளில் இருக்கிறது. அது இல்லாத எலிகளுக்கு வயதாக ஆக, சவ்வில் ஐஜிஜி ஆன்டிபாடிகள் தேங்கின. அந்த ஏற்பியை வேறு புரதத்தால் நிரப்பி வேலையற்றதாக்கினால், சாதாரணமாகத் தீங்கு செய்யாத அளவு நச்சு ஆன்டிபாடிகூட சிறுநீரகத்தைத் தாக்கியது. அதாவது வடிகட்டி தன்னைத் தானே துப்புரவு செய்துகொள்கிறது, செய்வது போடோசைட்.

ஆல்புமினையும் போடோசைட் உள்ளே எடுக்கிறது. வளர்ப்புத் தட்டில் இருக்கும் மனிதச் செல்களில் இது கேவியோலே என்ற செல்சவ்வுக் குழிகள் வழியாக நடப்பதைக் காட்டியிருக்கிறார்கள். உள்ளே போனதன் பெரும்பகுதி, செல்லின் செரிமானப் பையான லைசோசோமுக்குச் சென்று துண்டாகிறது. இன்னொரு பகுதி நுண்பைகளில் செல்லைக் குறுக்கே கடந்து, மறுபக்கத்தில் வடிநீருக்குள் கொட்டப்படுகிறது. இந்த இரண்டாவது வழிதான் எனக்கு மிகவும் சுவாரசியமானது, ஏனென்றால் பிளவுச் சவ்வைத் தொடாமலே புரதம் சிறுநீருக்குப் போய்விடலாம் என்று அது சொல்கிறது. 2016இல் ஜெர்மனியின் ரீகன்ஸ்பர்க்கில் ஹயோ காஸ்ட்ரோப் குழு, உயிருள்ள எலியின் சிறுநீரகத்தை மல்டிஃபோட்டான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, ரத்த அழுத்தத்தை ஏற்றும் ஹார்மோனான ஆஞ்சியோடென்சின் 2 கொடுத்ததும் போடோசைட்டுகள் ஆல்புமினை விழுங்குவது கூடியது. சில நுண்பைகள் செல்லைக் கடந்து வெளியே கொட்டுவதையும் அவர்களால் பார்க்க முடிந்தது. ஆஞ்சியோடென்சினின் ஏற்பியைத் தடுப்பதுதான் உங்கள் அண்ணனின் டெல்மிசார்டான். அதற்குள் ‘ஆகா, மாத்திரை இதனால்தான் வேலை செய்கிறது’ என்று முடிவு கட்ட வேண்டாம். அந்தக் குடும்ப மருந்துகளின் பெரும் பலன், கிளாமருலஸுக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைப்பதில் இருக்கிறது. விழுங்கல் குறைவது கூடுதல் பலனாக இருக்கலாம், அவ்வளவுதான்.

இனி ‘ஓட்டை’. சர்க்கரையோ வேறு நோயோ போடோசைட்டைத் தாக்கும்போது அதன் பாத நீட்சிகள் சுருங்கி, ஒன்றோடொன்று சேர்ந்து, தட்டையாகப் பரவிவிடுகின்றன. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் இடைவெளிகள் கூடியிருக்காது, குறைந்திருக்கும். திறந்த இடம் குறைந்தும் புரதம் ஏன் அதிகமாக வெளியேறுகிறது என்பது பல பத்தாண்டுகளாகத் தலையைச் சொறிய வைத்த முரண். இப்போது பலரும் ஏற்கும் விளக்கம் 2020இல் ஜெர்மனியின் கொலோன் நகரிலிருந்து வந்தது. கோத்து நிற்கும் பாதங்கள் ரத்த அழுத்தத்துக்கு எதிராக உள்நோக்கி அழுத்துவதால் அடித்தளச் சவ்வின் ஜெல் இறுகியிருக்கிறது, இறுகிய ஜெல்லில் ஆல்புமினுக்கு இடம் இல்லை. பாதங்கள் தட்டையானால் அந்த எதிரழுத்தம் போய்விடும், ஜெல் தளரும், ஆல்புமின் ஊடுருவும். இதன்படி பார்த்தால், உங்கள் அண்ணனிடம் கிழிந்த இடம் என்று ஒன்றைத் தேடினால் கிடைக்காது. முழுச் சுவரும் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. கிழிசலைத் தைக்க முடியாது, ஆனால் தளர்ச்சியை ஓரளவு மீட்க முடியும்.

சரி, இப்படிக் கூடுதலாக வரும் புரதத்தால் செல் கெடுமா? இத்தாலியில் கியூசெப்பே ரெமுசியின் குழு 2002இல் செய்த எலி ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். சிறுநீரகத்தின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு மீதியை மிகையாக உழைக்க வைத்தபோது, முதலில் போடோசைட்டுகளுக்குள் புரதம் சேர்ந்தது. பிறகு அவை சினாப்டோபோடின் என்ற தம் அடையாளப் புரதத்தை இழந்து, டெஸ்மின் என்ற காயக் குறியைக் காட்டின. கூடவே தழும்பு உண்டாக்கும் டிஜிஎஃப்-பீட்டாவைச் சுரக்கத் தொடங்கின. வளர்ப்புத் தட்டிலும் ஆல்புமின் வெள்ளத்தில் விடப்பட்ட போடோசைட்டுகளுக்கு வடிவம் தரும் ஆக்டின் இழைகளின் எலும்புக்கூடு குலைகிறது, புரதங்களை உருவாக்கி மடிக்கும் எண்டோபிளாஸ்மிக் வலைப்பின்னல் திணறுகிறது, சில செல்கள் செத்தும் போகின்றன.

தட்டில் நடப்பதை நான் கொஞ்சம் ஐயத்தோடுதான் எடுத்துக்கொள்வேன். சோதனைகளில் ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து, இருபது மில்லிகிராம் ஆல்புமினைக் கொட்டுவார்கள். கடையில் வாங்கும் ஆல்புமினோடு கொழுப்பு அமிலங்களும் சிலசமயம் பாக்டீரியா நச்சும் ஒட்டிக்கொண்டு வரும். கெடுதல் ஆல்புமினாலா, அது சுமந்து வந்த சரக்கினாலா என்று பிரித்துப் பார்க்காத ஆய்வுகள் ஏராளம். ஆனால் எலியில் செல்லுக்குள் புரதம் சேர்வது முன்னால் வருகிறது, செல் அடையாளம் இழப்பது பின்னால் வருகிறது என்ற அந்த வரிசையைத் தள்ளிவிட முடியாது.

போடோசைட் இவ்வளவு தாங்குவதே பெரிய விஷயம். முதிர்ந்த போடோசைட் அநேகமாகப் பிரிந்து பெருகுவதில்லை. ஒரு கிளாமருலஸுக்குக் கிடைத்திருக்கும் ஐந்நூறு, அறுநூறு செல்களை வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க ஓட்ட வேண்டும். பெருகிப் புதுப்பித்துக்கொள்ள முடியாததால் உள்ளே சேரும் குப்பையைத் தொடர்ந்து எரிப்பது அதற்குக் கட்டாயம், அதனாலேயே ஆட்டோஃபேஜி என்ற உள்துப்புரவு இந்தச் செல்லில் மற்ற பல செல்களைவிட மும்முரமாக நடக்கிறது. 2010இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் குழு எலியின் போடோசைட்டுகளில் மட்டும் அதை நிறுத்திப் பார்த்தது. குட்டிகளாக இருக்கும்வரை பெரிதாக ஒன்றும் இல்லை. வயதானபோது செல்களுக்குள் சேதமான புரதங்கள் குவிந்து, சிறுநீரில் ஆல்புமின் வந்து, கிளாமருலஸ்கள் தழும்பாகின.

செத்த செல் கழன்று சிறுநீரோடு போய்விடும். பக்கத்துச் செல்கள் விரிந்து அந்த இடத்தை மூடப் பார்க்கும், அவற்றின் மேல் சுமை கூடும். எத்தனை போனால் ஆபத்து என்பதற்கு மிச்சிகனில் ராஜர் விகின்ஸ் குழு 2005இல் எலிகளில் விடை தேடியது. டிப்தீரியா நச்சு ஏற்பியைப் போடோசைட்டில் மட்டும் வைத்து, வேண்டிய அளவு செல்களைக் கொன்றார்கள். 20 சதவீதத்துக்குள் இழந்தவை பெரும்பாலும் சமாளித்தன. 40 சதவீதத்தைத் தாண்டியவற்றில் பரவலான தழும்பும், நிற்காத புரதக் கசிவும், சிறுநீரகச் செயல் வீழ்ச்சியும் வந்தன. மனிதர்களில் எல்லைகள் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மெதுவாகப் போய்க்கொண்டிருந்த நோய் ஒரு கட்டத்துக்கு மேல் தானாகவே வேகமெடுப்பதை மருத்துவர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்.

போடோசைட்டைத் தாண்டிய புரதத்தின் கதையும் கொஞ்சம். ஆரோக்கியமான சிறுநீரகத்திலேயே நாளுக்குச் சில கிராம் ஆல்புமின் வடிநீருக்குள் வந்துவிடுகிறது. அடுத்து வரும் அண்மைச் சுருள் நுண்குழலின் செல்கள் மெகாலின், கியூபிலின் என்ற ஏற்பிகளால் அதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. 2007இல் ஓர் ஆய்வு, வடிவது சில கிராம் அல்ல, பிளாஸ்மா ஆல்புமினில் 3 சதவீதத்துக்கு மேல் என்று சொல்லிப் பெரிய அமளியைக் கிளப்பியது. அந்தக் கணக்குப்படி நாளுக்கு 240 கிராம் வருகிறது. கல்லீரல் ஒரு நாளில் செய்யும் ஆல்புமினே 10, 15 கிராம்தான். அப்படியானால் நுண்குழல் அத்தனையையும் முழுசாக ரத்தத்துக்குத் திருப்பியாக வேண்டும். கியூபிலின் பிறவியிலேயே பழுதான இமர்ஸ்லுண்ட்–கிராஸ்பெக் நோயாளிகள் இழப்பது மிதமான அளவு புரதம்தான், எனவே அந்த எண் நம்பும்படி இல்லை. நுண்ணோக்கியை இன்னும் கவனமாக அமைத்த பிற குழுக்களுக்கும் மிகக் குறைந்த அளவே கிடைத்தது.

நுண்குழல் செல்களும் அதிகப் புரதத்தால் கெட்டு, அழற்சியைக் கிளப்பி, சிறுநீரகத்தைத் தழும்பாக்கும் என்பது பாடப்புத்தகக் கருத்து. இதற்கு எதிராக இரண்டு சங்கடமான உண்மைகள் உண்டு. குழந்தைகளுக்கு வரும் மினிமல் சேஞ்ச் நோயில் புரதம் கொட்டோ கொட்டென்று கொட்டும், ஸ்டீராய்டு கொடுத்தால் பெரும்பாலும் சில வாரங்களில் நின்றுவிடும், பெரும்பாலோருக்குச் சிறுநீரகம் கெடாது. கியூபிலின் மரபணுவின் வால்பகுதியில் மாற்றம் உள்ளவர்கள் பல வருடம் ஆல்புமின் இழந்தும் செயல்திறன் குறையாமல் இருக்கிறார்கள் என்று 2020இல் காட்டப்பட்டது. முன்னதில் கசிவு நீடிக்கவில்லை. பின்னதில் வடிகட்டியும் நலமாக இருக்கிறது, புரதம் செல்லுக்குள் சரியாக இழுபடவும் இல்லை. ஆகவே என் கணிப்பு: சிறுநீரில் தெரியும் புரதத்தின் அளவு மட்டும் சேதத்தைத் தீர்மானிப்பதில்லை. போடோசைட் காயம்பட்டிருக்கிறதா, அந்த நிலையில் எத்தனை வருடம் அழுத்தத்தையும் புரதச் சுமையையும் சேர்த்துத் தாங்குகிறது என்பதே தீர்மானிக்கிறது. சர்க்கரை நோயில் துரதிர்ஷ்டவசமாக எல்லாமே சேர்ந்து வருகின்றன.

மினிமல் சேஞ்ச் நோயைப் பற்றி ஒரு புதுச் செய்தி. 2024இல் வந்த ஐரோப்பிய ஆய்வில், அந்த நோயுள்ள பெரியவர்களில் 44 சதவீதத்தினரின் ரத்தத்தில் நெஃப்ரினுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தது. நெஃப்ராட்டிக் நோயுள்ள குழந்தைகளில் 52 சதவீதம். ஆன்டிபாடி ஒட்டியதும் பிளவுச் சவ்வின் நெஃப்ரின் இடம்பெயர்ந்து செல்லுக்குள் இழுக்கப்படுகிறது. விழுங்கும் திறமை இங்கே தன் சொந்தச் சவ்வையே பிடுங்கப் பயன்பட்டுவிடுகிறது.

விழுங்குவதையே மருந்தால் நிறுத்தினால் என்ன என்று தோன்றும். போடோசைட் ஆல்புமின் எடுப்பதை, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகள் குறைப்பதாக 2007இல் வளர்ப்புத் தட்டில் தெரிந்தது. ஆனால் 2011இல் வெளிவந்த ஷார்ப் என்ற பெரிய மருத்துவச் சோதனையில் ஸ்டாட்டின் சேர்ந்த சிகிச்சை இதயத்துக்கு உதவியதே தவிர, சிறுநீரக நோயின் வேகத்தைக் குறைக்கவில்லை. தவிர, விழுங்குவதை முழுக்க அடைத்தால் துப்புரவும் நிற்கும், அந்த எஃப்சிஆர்என் எலிகளின் நிலைதான் வரும். எனவே இன்று பலன் தரும் முக்கிய மருந்துகள் செல்லுக்கு வரும் சுமையைக் குறைப்பவை. டெல்மிசார்டான் குடும்பத்தைச் சேர்ந்த லோசார்டான் 2001இல், சர்க்கரையால் சிறுநீரகம் பாதித்தவர்கள் டயாலிசிஸ் கட்டத்தை அடையும் ஆபத்தை 28 சதவீதம் குறைத்தது. 2020இல் டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை, ஆல்புமின் விகிதம் 200 முதல் 5000 வரை இருந்தவர்களிடம் சிறுநீரகம் சரிவதும் சிறுநீரக, இதய நோய் மரணங்களும் சேர்ந்த கணக்கை 39 சதவீதம் குறைத்தது. ரத்த அழுத்தம் சரியாக இருக்கும்போதும் டெல்மிசார்டான் கொடுப்பது இந்தக் கிளாமருலஸ் அழுத்தத்துக்காகத்தான். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள். டெல்மிசார்டான் தொடங்கி இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கிரியாட்டினின் சற்று ஏறினால் பயந்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது, 30 சதவீதம் வரையிலான ஏற்றத்தை மருத்துவர்கள் எதிர்பார்த்தே இருப்பார்கள். உப்பைக் குறைத்தால் இந்த மாத்திரை இன்னும் நன்றாக வேலை செய்யும். ஊறுகாய், அப்பளம், கருவாடு இவற்றையும் உப்புக் கணக்கில் சேர்க்க வேண்டும், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மூட்டுவலிக்கு மெடிக்கலில் தானாக வாங்கும் வலிநிவாரணிகள் வேண்டவே வேண்டாம்.

கடைசியாக முட்டை. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். உங்கள் அண்ணன் ஒரு நாளில் இழப்பது ஏறக்குறைய 1 கிராம், அதாவது முட்டையில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ஈடுகட்ட எதுவும் தேவையில்லை. கூடுதலாகப் புரதம் சாப்பிட்டால் கிளாமருலஸுக்குள் ரத்த ஓட்டமும் அழுத்தமும் ஏறும், கசிவு கூடத்தான் செய்யும். உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் என்பது வழக்கமான பரிந்துரை, 65 கிலோ ஆளுக்கு 52 கிராம். பருப்பு, தயிர், ஒரு முட்டை என்று சாதாரணமாகச் சாப்பிட்டாலே அது வந்துவிடும், புரோட்டீன் பவுடர் டப்பாவை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள். அடுத்த பரிசோதனைக்குக் காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கொடுக்கச் சொல்லுங்கள். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருந்தாலும், முந்தின நாள் கடுமையாக உடற்பயிற்சி செய்திருந்தாலும் எண் ஏறிக் காட்டும். அப்படி இருந்தால் ஒரு வாரம் தள்ளிக் கொடுப்பது நல்லது.